பாத்திரத்தின் விளிம்பு

புக்கிட் செராயா தோட்டம்,
லாபிஸ்.
15 நவம்பர் 1932

அன்புள்ள வினிஃப்ரெட் அக்காவுக்கு,

தம்பி அமலதாஸின் ஸ்தோத்திரம். நானும் பியாட்ரிஸும் கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறோம். ஜோகூர் பாருவில் உங்கள் உடம்பு எப்படி? நாள் முழுதும் வார்டில் நிற்கிற கால்களுக்கு இப்போது வீக்கம் குறைந்ததா? இங்கே ஒரு வாரமாக மழை விடவில்லை. நான்கு நாள் ரப்பர் மரங்களில் பால்வெட்டு நின்றுபோனது.

உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி எழுத வேண்டும். நம் போதகர் ஐயர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்து நற்கருணை நடத்துகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். ஐயர் திராட்சரசப் பாத்திரத்தில் குடித்து என் கையில் தருவார். நான் குடித்துவிட்டு வரிசையாகச் சபையாருக்குக் கொடுப்பேன். நான் இங்கே உபதேசியாராக வந்த ஆறு வருஷமும் அந்த வரிசை ஒரே மாதிரிதான் இருந்தது. முதலில் தோட்ட ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி கனகராஜ் குடும்பம், பிறகு ஆபீஸ்காரர்கள், பிறகு கங்காணிமார், கடைசியில் கூலிகளின் வரிசை வீடுகளான கீழ் லயத்து நான்கு குடும்பங்கள். இப்படி உட்காரச் சொல்லி யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் அந்த நான்கு வீட்டார் வாய் வைத்த விளிம்பில் மற்றவர்கள் வாய் வைக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அதை மாற்றினேன். ஐயரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன். கீழ் லயத்துச் செல்லத்தையும் அவள் வீட்டாரையும் முதல் பெஞ்சில் உட்காரவைத்தேன். செல்லம் பால்வெட்டுக்காரி, மூன்று பிள்ளைகளின் தாய். "உபதேசியாரே, அந்த பெஞ்சில நான் உக்காந்தா ஒடிஞ்சிராதா?" என்று சிரித்தாள். எனக்கு அடுத்தபடி அவள்தான் குடித்தாள். கிராணி தொப்பியை எடுத்துக்கொண்டார். மனைவியைப் பார்த்து, "எழும்பு" என்று மட்டும் சொன்னார். இருவரும் குடிக்காமலே வெளியே போனார்கள். மற்றவர்கள் முப்பத்தொன்பது பேரும் குடித்தார்கள்.

அக்கா, அன்று நான் வீட்டுக்கு நடந்துவரவில்லை, பறந்துவந்தேன்.

மழையில் நனைந்ததில் எனக்குக் கொஞ்சம் சளி. தோட்டத்து மருந்தகம் பார்க்கும் மூர்த்தி டிரெஸ்ஸர் மருந்து கலக்கிக் கொடுத்திருக்கிறார். கவலை வேண்டாம். உங்கள் சுகம் குறித்துப் பதில் எழுதுங்கள்.

தங்கள் தம்பி,
அமலதாஸ்


ஜோகூர் பாரு,
27 நவம்பர் 1932

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் கால் வீக்கம் அப்படியேதான் இருக்கிறது. பியாட்ரிஸுக்கு என் முத்தங்கள். அவள் முழுகாமல் இருப்பதாகப் போன மாதம் எழுதினாயே, சாப்பாடு தங்குகிறதா?

நீ செய்தது நியாயம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்பா இருந்திருந்தால் உன்னைத் திட்டிவிட்டு, தனியே போய்ப் பெருமைப்பட்டிருப்பார்.

ஆனாலும் உன் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் வார்டில் இருபத்திரண்டு கட்டில்கள். அவற்றில் பதினான்கு பேருக்குச் சயரோகம். ஒவ்வொருத்திக்கும் எண் போட்ட தகரக் குவளை இருக்கிறது. ஒன்பதாம் எண்காரியின் குவளையைப் பத்தாம் எண்காரி தொட்டால் நான் கத்துவேன். தினமும் இரண்டு வேளை எல்லாவற்றையும் கொதிக்கவைக்கிறோம். வார நாள் ஆறும் இப்படிக் கத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய் முன்பின் தெரியாத நூறு பேர் வாய் வைத்த விளிம்பில் நானும் எப்படி வாய் வைப்பது?

உனக்கு மட்டும் சொல்கிறேன். மார்ச் மாதத்திலிருந்து நான் பாத்திரத்தை எடுக்கவில்லை. கேட்டால் தலைவலி என்கிறேன். விசுவாசம் இல்லாதவள் ஆகிவிட்டேனா, அல்லது கொஞ்சம் படித்தவள் ஆகிவிட்டேனா என்று தெரியவில்லை. எல்லாரும் எழுந்து போகும்போது நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

சளியைக் கவனி. ஈர வேட்டியோடு நிற்காதே.

அக்கா,
வினிஃப்ரெட்


லாபிஸ்,
3 ஜனவரி 1933

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். நாங்கள் எல்லாரும் சுகம். பியாட்ரிஸ் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். உங்கள் சுகம் அறிய ஆவல்.

தலைவலி என்று இனிச் சொல்லாதீர்கள், அக்கா. கர்த்தருடைய இரத்தம் என்று விசுவாசித்துக் குடிப்பதில் வியாதி எப்படி இருக்கும்? அதை நம்பாவிட்டால் மற்ற எதைத்தான் நம்புவது?

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஐயர் வந்தார். நற்கருணை முடிந்ததும் கனகராஜ் கிராணி எட்டுப் பேர் கையெழுத்துப் போட்ட மனுவைக் கொடுத்தார். சிங்கப்பூரில் ஒரு வெள்ளைக்காரர் கோவிலில் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிளாசில் திராட்சரசம் கொடுக்கிறார்களாம். இங்கேயும் அப்படியே செய்ய வேண்டுமாம்.

"நவநாகரிகம் லா, உபதேசியாரே! தட்டுல வரிசையா வச்சிருப்பான், பாக்கவே லட்சணமா இருக்கும். நாம இன்னும் ஆடு மாடு தொட்டியில குடிக்கிற மாதிரி குடிச்சிட்டிருக்கோம்" என்றார்.

"கிளாசை யார் கழுவுவாங்க?" என்று கேட்டேன்.

"அவங்கவங்க கிளாசை அவங்கவங்க வீட்டுல கழுவி வச்சுக்கட்டும். பேரு எழுதி ஒட்டிக்கலாம்."

"அப்ப செல்லம் வீட்டுக் கிளாசு செல்லம் வீட்டுல. உங்க கிளாசு உங்க வீட்டுல."

"நான் கிருமியப் பத்திப் பேசுறேன். நீங்க எதையோ பேசுறீங்க."

அவர் எதைப் பேசினார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஐயர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொல்லி மனுவை வாங்கிக்கொண்டார்.

வேறொரு காரியம். எங்கள் சபையில் ஒருவருக்கு நான்கு மாதமாக இருமல். சாயங்காலம் மெல்லிய காய்ச்சல் வருகிறது. இரண்டு முறை சளியில் நூல்போல இரத்தம் வந்ததாம். உங்களிடம் கேட்டு எழுதச் சொன்னார். சாதாரண மார்ச்சளியில் அப்படி வருமா?

தங்கள் தம்பி,
அமலதாஸ்


ஜோகூர் பாரு,
9 ஜனவரி 1933

தம்பிக்கு,

என் சுகத்தைப் பிறகு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே மூர்த்தி டிரெஸ்ஸரிடம் போ. அந்த மனிதரின் காலைச் சளியை வாய் இறுக்கிய புட்டியில் எடுத்து, எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல். முடிவு தெரியும்வரை அவர் தனித் தட்டில் சாப்பிட வேண்டும், தனிப் பாயில் படுக்க வேண்டும். பாத்திரத்தின் அருகே வரவே கூடாது.

அவர் யார்? வயதென்ன? வரிசையில் அவருக்குப் பின்னால் குடிப்பது யார்? உடனே எழுது.

வினிஃப்ரெட்


ஜோகூர் பாரு,
8 பிப்ரவரி 1933

தம்பி அமலதாஸுக்கு,

நான்கு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. புட்டி மட்டும் வந்தது.

புட்டியின் மேல் 'செல்லப்பன், வயது 34' என்று எழுதியிருந்தது. உன் சபையில் அப்படி ஒருவர் இருப்பதாக நீ எழுதியதே இல்லை. கூட மூர்த்தி நிரப்பிய சீட்டு ஒன்றும் வந்தது. பெயரை நீ சொன்னபடி எழுதியிருக்கிறார். ஆனால் தொழில் என்ற கட்டத்தை அவர் வழக்கம்போல நிரப்பிவிட்டார் போலிருக்கிறது. அதில் 'உபதேசியார்' என்று இருக்கிறது.

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து அறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது. மேட்ரன் வந்து தோளைத் தொட்டாள்.

சளியில் சயரோகக் கிருமி இருக்கிறது, தம்பி. ஒன்றிரண்டு அல்ல, நிறைய. நானே மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்.

உனக்கு இங்கே ஒரு கட்டில் கேட்டிருக்கிறேன். பியாட்ரிஸுக்குத் தெரியுமா? 'நாங்கள் எல்லாரும் சுகம்' என்று எனக்கு இனி எழுதாதே. நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

உன் அக்கா


லாபிஸ்,
19 பிப்ரவரி 1933

அக்கா,

என் காய்ச்சல் சாயங்காலத்தில் நூறு, நூற்றொன்று. எடை பதினோரு ராத்தல் குறைந்திருக்கிறது. பியாட்ரிஸுக்குத் தெரியாது. நான் வெளி விறாந்தையில் படுப்பதை அவள்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் கடிதம் பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. பன்னிரண்டாம் தேதி ஞாயிறு ஐயர் வந்தார். இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ஐயர் பாத்திரத்தை நீட்டினார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதட்டை மட்டும் வைத்தேன், குடிக்கவில்லை. துணியால் விளிம்பைத் துடைத்தேன். ஒரு தரம் அல்ல, மூன்று தரம். பாத்திரத்தைத் திருப்பி, நான் வாய் வைக்காத பக்கத்தைச் செல்லத்துக்கு நீட்டினேன். அவள் அதை மறுபடி திருப்பி, நான் வாய் வைத்த பக்கத்திலேயே குடித்தாள். பிடிக்க வசதியாக இருக்க வேண்டும் என்று அப்படித் திருப்பியிருப்பாள். ஏன் என்று நான் எப்படிக் கேட்பது?

செல்லம் இருமுகிறாள், அக்கா. இரண்டு வாரமாக இருமுகிறாள்.

அவளை முன்னால் உட்காரவைத்தது நான். ஆறு வருஷம் அவள் கடைசியில் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே முப்பது பேர் இருந்தார்கள். கிராணி எழுந்து போனார், அதனால் தப்பினார். நியாயம் செய்கிறேன் என்று நினைத்து அவளை என் வாய்க்கு அடுத்தபடி கொண்டுவந்து வைத்தேன். ஜெபிக்க முழங்கால் போட்டால் இந்த ஒன்றுதான் மனதில் வருகிறது. கர்த்தருடைய மேஜையில் இப்படி நடக்க அவர் விடுவாரா என்று கேட்கிறேன்.

ஐயருக்கு எழுதாதீர்கள். தெரிந்தால் என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். போன வருஷம் இந்தத் தோட்டத்திலிருந்து இருநூறு பேரை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். வியாதிக்காரனை வைத்துக்கொள்வார்களா? பியாட்ரிஸ் இந்த நிலையில் கப்பலில் போக முடியுமா? அதோடு கிராணியின் கிளாசுகள் மறுநாளே வந்துவிடும். ஒவ்வொன்றிலும் பேர் ஒட்டியிருக்கும். நான் செய்த ஒரே நல்ல காரியமும் போய்விடும். கெஞ்சிக் கேட்கிறேன்.

அமலதாஸ்


ஜோகூர் பாரு,
25 பிப்ரவரி 1933

தம்பிக்கு,

முதலில் உனக்காக எழுதுகிறேன். முட்டை, பால், மீன் எண்ணெய் விடாதே. படியேறாதே. உரக்கப் பாடாதே.

இப்போது மற்றவர்களுக்காக எழுதுகிறேன். பத்தாம் தேதி உனக்குத் தெரியும். பன்னிரண்டாம் தேதி கொடுத்தாய். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் எட்டாம் தேதியே ஐயருக்குத் தந்தி அடித்திருக்க வேண்டும். உன் மானத்தைப் பார்த்தேன். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் டாக்டர்கள் இருவரைக் கேட்டேன். யாருக்காக என்று சொல்லவில்லை. ஒருவர், வெள்ளியும் திராட்சரசமும் கிருமியைக் கொல்லும், பயமில்லை என்றார். மற்றவர், அந்தப் பாத்திரத்தில் தன் மகளைக் குடிக்க விடமாட்டேன் என்றார். பாத்திரத்தைவிட அடைசலான அறையும் மூச்சும்தான் ஆபத்து என்று இருவருமே சொன்னார்கள். லயத்தில் ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கிறார்கள். செல்லத்துக்கு வந்திருந்தால் அங்கிருந்தும் வந்திருக்கலாம். உன்னை ஆற்றுவதற்காக இதை எழுதவில்லை. யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்பதற்காக எழுதுகிறேன்.

கனகராஜ் கிராணி கெட்ட நோக்கத்தோடு சரியானதைச் சொன்னார். நீ நல்ல நோக்கத்தோடு தவறானதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். அவர் வாயிலிருந்து வந்ததால் மட்டும் உண்மை பொய்யாகாது.

ஏப்ரல் பதினாறு ஈஸ்டர். அன்று ஐயர் வருவார். அதற்குள் நீ சொல்ல வேண்டும். முதலில் பியாட்ரிஸிடம், பிறகு செல்லத்திடம், பிறகு சபையாரிடம். ஏப்ரல் ஒன்றாம் தேதி வரை பொறுப்பேன். பிறகு ஐயருக்கு எழுதுவேன்.

அக்கா


லாபிஸ்,
28 மார்ச் 1933

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் கூடியிருக்கிறது. காய்ச்சல் அப்படியே. உங்கள் கால் எப்படி?

பியாட்ரிஸிடம் சொன்னேன். அவள் அழவில்லை. என் தட்டையும் குவளையையும் எடுத்துத் தனியாக வைத்தாள். பிறகு, "அப்ப என்மேல கோபம் இல்லையா?" என்று கேட்டாள். இல்லை என்றதும்தான் அழுதாள்.

செல்லத்திடம் சொல்ல ஐந்து முறை போனேன். ஐந்து முறையும் அவள் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். கடைசியாகப் போனபோது வாளி கழுவிக்கொண்டிருந்தாள்.

"அலமாக்! உபதேசியாரா இது? லெந்து நாள்ல பட்டினி கிடக்கலாம், அதுக்காக இப்படியா? சட்டைக்குள்ள ஆளே காணோமே!"

"உங்க இருமல் எப்படி இருக்குன்னு கேக்க வந்தேன்."

"என் இருமலுக்கு என்ன? அதுக்கு என்னை ரொம்பப் பிடிச்சிருக்கு, போகமாட்டேங்குது. நீங்க வந்த காரியத்தைச் சொல்லுங்க."

"மூர்த்திகிட்டச் சளி கொடுத்துச் சோதிச்சுக்குங்க. எல்லாருக்கும்தான் சோதிக்கிறாங்க."

"எல்லாருக்குமா? எங்க லயத்துல யாருக்கும் சொல்லலியே" என்று என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்து, மழை வரும் என்றேன். மறுநாள் அவள் மூர்த்தியிடம் புட்டியைக் கொடுத்தாள், உங்களுக்கு வந்திருக்கும்.

மேலிடத்திலிருந்து ஐயருக்கு உத்தரவு வந்துவிட்டது. சபை விரும்பினால் கிளாசில் கொடுக்கலாமாம். கிராணி சிங்கப்பூரிலிருந்து நான்கு டஜன் வரவழைத்துவிட்டார். வைக்கோலில் பொதிந்து ஆபீஸில் இருக்கின்றன. தன் வீட்டுக் கிளாசுகளுக்குப் பேர்ச் சீட்டு ஒட்டி முடித்துவிட்டார், மற்றவர்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஈஸ்டர் அன்று எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டில் இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன். அப்போது யாருக்கும் ஆபத்து இல்லையல்லவா?

அமலதாஸ்


ஜோகூர் பாரு,
6 ஏப்ரல் 1933

தம்பிக்கு,

செல்லத்தின் முதல் புட்டியில் கிருமி இல்லை. ஒரு தடவை இல்லை என்றால், இல்லவே இல்லை என்று அர்த்தமல்ல. இன்னும் இரண்டு முறையாவது பார்க்க வேண்டும். இதை உனக்கு எழுதாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாமல் இருக்க இதையே நீ ஒரு சாக்காக எடுத்துக்கொள்வாய் என்று பயந்தேன்.

ஐயருக்கு எழுதிய கடிதம் தபால்தலை ஒட்டி என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. ஒன்றாம் தேதி போய்விட்டது, அனுப்பவில்லை. நான் எழுதினால் உன் வியாதி அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதை நீ சொன்னதாக ஆகாது.

உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருப்பது என் தலைவலியைப் போன்றது. ஒரு வருஷத்துக்கு மேல் அதைச் சொல்லிப் பார்த்தவள் எழுதுகிறேன். அதனால் பயம் குறையாது.

பெரிய வெள்ளிக்குள் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை வராவிட்டால், சனிக்கிழமை ரயிலில் நானே வருகிறேன். நீ முன்னால் நிற்க வேண்டாம், நான் நிற்கிறேன்.

உனக்காக இன்று முழங்கால் போட்டேன். என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

அக்கா


லாபிஸ்,
17 ஏப்ரல் 1933

அன்புள்ள அக்காவுக்கு,

'சொல்கிறேன், வரவேண்டாம்' என்று நான் கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். நேற்று இரண்டு முறை இரத்தம் வந்தது. இன்று காலை இல்லை. பியாட்ரிஸ் நலம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிரசங்கம் முடிந்தது. மேஜையில் பாத்திரமும் இருந்தது, பக்கத்தில் காலிக் கிளாசுகள் அடுக்கிய கிராணியின் தட்டும் இருந்தது. எது வேண்டும் என்று சபையாரைக் கேட்க ஐயர் வாயெடுத்தார். நான் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னேன். எனக்குச் சயரோகம், நவம்பரிலிருந்து மூன்று முறை உங்களுக்கு முன்னால் குடித்து உங்களுக்குக் கொடுத்தேன் என்றேன்.

யாரும் கத்தவில்லை. தாய்மார் பிள்ளைகளை மடியில் இழுத்துக்கொண்டார்கள். பின்வரிசையில் ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னொருவரும் துடைத்தார். பிறகு எல்லாரும் துடைத்தார்கள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

செல்லம்தான் பேசினாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பிப்ரவரி பத்தாந்தேதி."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "அப்ப கடைசியாக் கொடுத்தீங்களே, அது?"

"அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தெரியும்."

"எங்க வாசல்ல வந்து வந்து நின்னுட்டுப் போனீங்களே, மழை வரும்னு சொல்லிட்டு. இதுக்குத்தானா?"

"ஆமாம்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். கிராணி எழுந்தார். நான் பயந்த நேரம் அதுதான். "நல்லவேளை, கிளாசு இருக்கு. அவங்கவங்க கிளாசை எடுத்துக்கலாம்" என்று தட்டைத் தூக்கினார். செல்லம் முதல் பெஞ்சில் இருந்ததால் தட்டு அவளிடம்தான் முதலில் வந்தது. கைக்கு எட்டிய கிளாசை எடுத்தாள். கிராணியின் மனைவி, "அது எங்களுது! பேரு ஒட்டியிருக்கு பாரு" என்றாள்.

செல்லம் கிளாசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. "இது எதுக்கு வாங்கினது, கிராணி ஐயா? கிருமிக்குத்தானே?"

"பின்ன?"

"கிருமிக்குப் படிக்கத் தெரியுமா? பேரைப் பாத்துட்டு, இது கிராணி வீடுன்னு திரும்பிப் போயிருமா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. ஐயரைப் பார்த்து, "கொதிக்க வைக்கணும்னா எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கொதிக்க வைங்க சாமி. இல்லாட்டி எனக்கு வேணாம்" என்றாள்.

ஐயர் ஆராதனையை நிறுத்தி, தண்ணீர் வைக்கச் சொன்னார். கோவில் முற்றத்தில் மூன்று கல் கூட்டி, கல்யாணச் சோறு வடிக்கிற அண்டாவை ஏற்றினார்கள். எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும் என்று கேட்க மூர்த்தி டிரெஸ்ஸரைக் கூட்டிவந்தார்கள். மூர்த்தி இந்து. செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிஷம் என்றார். நாற்பத்தெட்டுக் கிளாசும் உள்ளே கிடந்தன. ஐந்து விரிசல் விட்டு உடைந்தன. பேர்ச் சீட்டுகள் பசை விட்டு மேலே மிதந்தன. செல்லம் அகப்பையால் அவற்றை அள்ளித் தரையில் போட்டாள். எது யாருடையது என்று பிறகு கடவுளுக்குத்தான் தெரியும்.

கிராணியின் மனைவி வீட்டுக்குப் போய்விட்டாள். கிராணி அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். தட்டு வந்தபோது ஒன்றை எடுத்துக் குடித்தார். மனம் மாறியா, நாற்பது பேர் பார்க்கிறார்கள் என்றா, எனக்குத் தெரியாது. வெள்ளிப் பாத்திரத்தில் ஐயர் மட்டும் குடித்தார்.

நான் வெளியே படிக்குக் கீழே நின்றேன். எல்லாருக்கும் கொடுத்த பிறகு செல்லம் ஒரு கிளாசைக் கொண்டுவந்து மேல் படியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். நான் போய் எடுத்துக் குடித்தேன். இந்தச் சபையில் இனித் தனிக் கிளாசு ஒன்றே ஒன்றுதான், அக்கா. அது என்னுடையது. அதை உடைத்துப் புதைத்துவிடச் சொன்னார் மூர்த்தி. நானே குழி வெட்டிப் புதைத்தேன்.

செல்லம் அங்கேயே நின்றிருந்தாள். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன்.

"எனக்கு மூணு புள்ளைங்க உபதேசியாரே. மன்னிச்சேன்னு இப்பச் சொல்லமாட்டேன். மனசுல வரல. வந்தாச் சொல்லி அனுப்புறேன்."

அவள் சொன்னது சரி என்று எனக்குப் பட்டது. நான் பயந்த கப்பல் இன்னும் வரவில்லை. ஆஸ்பத்திரி என்ன சொல்கிறதோ அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். வேறு உபதேசியார் மே மாதம் வருவார்.

புதன்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பியாட்ரிஸும் வருகிறாள், வேறு பெட்டியில் உட்காருவாள். அந்தக் கட்டில் இன்னும் இருக்குமானால் சொல்லிவையுங்கள். செல்லத்தின் இரண்டாவது புட்டி என் கையில் வருகிறது. மூர்த்தி வாயை மெழுகு வைத்து மூடிக் கொடுத்திருக்கிறார். தபாலில் போகட்டும் என்றார், நான்தான் கேட்டு வாங்கினேன். அவள் இப்போதும் இருமுகிறாள்.

முடிவு எதுவானாலும் முதலில் அவளுக்கு எழுதுங்கள். அவளுக்குப் படித்துச் சொல்ல மூர்த்தி ஒப்புக்கொண்டிருக்கிறார். அவளுக்குத் தெரிந்த பிறகு எனக்குச் சொன்னால் போதும்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் என் அருகே வர வேண்டாம், தூரத்தில் நின்றால் நான் உங்களைக் கண்டுகொள்வேன்.

தங்கள் தம்பி,
அமலதாஸ்